பெட்ரோல் பாண்டியில், புகை கடலூரில்

பங்க்கில் பெட்ரோல் போட்டால் ரசீது வாங்கும் பழக்கம் எனக்கு உண்டு. கணக்கு எழுதிப் பிழைக்கிறவனுக்கு அது ஒரு வியாதி. வீடு மஞ்சக்குப்பத்தில், வேலை பாண்டியில். ஒரு மொத்த வியாபாரக் கடையின் பேரேடு இருபத்தோரு வருடமாக என் கையில் இருக்கிறது. தினமும் போக 22 கிலோமீட்டர், வர 22. டேங்க் காலியாகப் போகிறது என்று தெரிந்தாலும் கடலூரில் போட மனசு வராது. பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி முள்ளோடை வரை எப்படியாவது வண்டியை ஓட்டிக்கொண்டு போய், எல்லைக்கு அந்தப் பக்கம்தான் போடுவேன். லிட்டருக்கு நாலைந்து ரூபாய் மிச்சம். கடலூரில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். முள்ளோடைக்கு வேறு காரணத்துக்காகப் போகிறவர்களும் உண்டு, அந்தக் கதை இங்கே வேண்டாம்.

அந்த ரசீதுகளைத்தான் என் அக்கா மகள் கேட்டு வந்தாள். பாண்டியில் ஒரு கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறாள். ஒரு நகரம் பூமியைச் சூடாக்குகிற தன்னுடைய பசுங்குடில் வாயுக்களைக் குறைக்க எப்படித் திட்டம் போட வேண்டும் என்று ஒரு புராஜெக்ட். அவள் எடுத்துக்கொண்ட ஊர் புதுச்சேரி. குறைப்பதற்கு முன்னால் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டுமே, அதற்கு மாதிரியாகச் சில குடும்பங்களின் கரண்ட் பில், கேஸ், பெட்ரோல் எல்லாம் வேண்டுமாம். "உங்ககிட்டதான் மாமா எல்லா ரசீதும் இருக்கும்" என்றாள். வீட்டில் என்னை இந்த ரசீதுக் கட்டுக்காகத் திட்டாதவர்கள் இல்லை. முதல் தடவையாக ஒருத்தி அதைத் தேடி வந்திருக்கிறாள். ரப்பர் பேண்ட் போட்டபடியே எடுத்து நீட்டினேன்.

அரைமணி நேரம் கூட்டிக் கழித்துவிட்டு நிமிர்ந்தாள். "மாமா, நீங்க இருக்கறது கடலூர். பெட்ரோல் போடறது பாண்டி. வண்டி கொஞ்ச தூரம் இங்க ஓடுது, மிச்சம் அங்க ஓடுது. இத நான் எந்த ஊர்க் கணக்குல எழுதறது?"

எனக்குச் சுருக்கென்றது. எவ்வளவு என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம், எந்த ஏட்டில் என்பதுதான் முதலில் என்று கடைக்குப் புதிதாக வரும் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவன் நான். என் பெட்ரோலுக்கே ஏடு தெரியவில்லை.

அன்றிலிருந்து மூன்று வாரம் அவளோடு சேர்ந்து நானும் இதில் விழுந்து கிடந்தேன். நகரங்கள் தங்கள் வாயுக் கணக்கை எழுதுவதற்கு உலகம் முழுக்க ஒரே மாதிரி முறை வேண்டும் என்று 2014-இல் ஒரு விதிநூல் கொண்டுவந்திருக்கிறார்கள். அதன்படி கணக்கு மூன்று வட்டம். ஊர் எல்லைக்குள்ளேயே எரிந்து எழும் புகை முதல் வட்டம். ஊருக்குள் கரண்ட்டாக வந்து, ஆனால் வேறெங்கோ எரிந்த புகை இரண்டாம் வட்டம். ஊர்க்காரர்கள் வாங்குவது, பயணம் போவது, ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுவது என்று மிச்சமெல்லாம் மூன்றாம் வட்டம். மும்பை 2022-இல் இப்படிக் கணக்கு எழுதித் திட்டம் வெளியிட்டது. சென்னை 2023-இல். இரண்டு ஊரும் 2050-க்குள் நிகர அளவைப் பூஜ்யமாக்குவோம், அதாவது விடுகிற வாயுவும் திரும்பப் பிடிக்கிற வாயுவும் சமம் என்று ஆக்குவோம் என்கின்றன. நாட்டுக்கு இந்தியா சொன்ன வருடம் 2070. நகரங்கள் இருபது வருடம் முன்னால் ஓடுகின்றன, நல்லதுதான். ஆனால் மும்பை, சென்னை மாதிரி பெரிய ஊருக்கு எல்லை எங்கே என்ற கேள்வி ஓரத்தில் வரும். பாண்டிக்கு அது நடுவீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

எமிஷன் என்பதற்குத் தமிழில் உமிழ்வு என்கிறார்கள். எனக்குப் பிடித்த சொல். உமிழ்வது என்றால் துப்புவது. தெருவில் எச்சில் கிடந்தால் யார் துப்பினது என்று கேட்போம், எங்கே துப்பினது என்று பார்ப்போம். வெற்றிலை எந்தக் கடையில் வாங்கினது என்று யாரும் கேட்கமாட்டோம். வாகனப் புகையைக் கணக்கெடுக்க அந்த விதிநூல் நான்கு வழி சொல்கிறது. அதில் சுலபமான வழி, ஊரில் விற்ற பெட்ரோல், டீசல் எவ்வளவு என்று பார்த்துப் பெருக்கிவிடுவது. வெற்றிலைக் கடைக் கணக்கு! பங்க் விற்பனை விவரம் கையில் கிடைத்துவிடும் என்பதால் பல ஊர்கள் முதலில் இதைத்தான் எடுக்குமாம். பாண்டிக்கு இதைச் செய்தால் என்ன ஆகும் என்று முள்ளோடை, கன்னியக்கோயில் பக்கம் ஒரு சாயங்காலம் நின்று பார்த்தாலே தெரியும். கடலூர், விழுப்புரம் வண்டிகளெல்லாம் குடிக்கிற பெட்ரோல் பாண்டிக்காரன் தலையில் ஏறும். நாளைக்கே வரியைக் கூட்டி விலையைத் தமிழ்நாட்டுக்குச் சமமாக்கினால், ஒரு வண்டிகூடக் குறையாமல், ஒரு மரம்கூட நடாமல், பாண்டியின் உமிழ்வு ஒரே வருடத்தில் சரியும். அந்த அளவு அப்படியே கடலூர் பங்க்குகளுக்கு இடம் பெயர்ந்திருக்கும். எங்கள் பாஷையில் இதற்குப் பெயர் குறைப்பு இல்லை, ஏடு மாற்றுவது.

இந்த எல்லையின் கதையே வினோதம்தான். 1690-இல் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனி மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம் என்ற பேச்சு வந்தபோது, கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டுக் குண்டு விழும் தூரம் வரை உள்ள ஊர்களெல்லாம் கம்பெனிக்கு என்று ஏற்பாடு. நாலு பக்கமும் சுட்டார்கள். அப்படி வந்து சேர்ந்த ஊர்களுக்குக் குண்டு கிராமம் என்றே பெயர் விழுந்தது. இந்தப் பக்கம் குண்டு போட்டு எல்லை, அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த கிராமங்கள். அதனால்தான் பாகூர்ப் பக்கம் போனால் புதுவையும் தமிழ்நாடும் ஒன்றுக்குள் ஒன்று செருகிக் கிடக்கும். இரண்டு வெள்ளைக்காரக் கம்பெனிகளின் பழைய வியாபாரச் சண்டையால் என் ஸ்கூட்டருக்கு லிட்டருக்கு நாலைந்து ரூபாய் லாபம்.

பெட்ரோலாவது நாமே போய் வாங்குகிறோம். கரண்ட் விஷயம் இன்னும் ஆழம்.

பாண்டி நகரத்துக்குள் சொல்லிக்கொள்ளும்படி மின்நிலையம் கிடையாது. யூனியன் பிரதேசத்துக்கென்று இருப்பது காரைக்காலில் 32.5 மெகாவாட் எரிவாயு நிலையம். மற்றதெல்லாம் மத்திய நிலையங்களின் பங்கு. அதில் நெய்வேலியும் உண்டு. நெய்வேலி எங்கள் மாவட்டம். 1956-இல் நிறுவனம் வந்தது, 1962-இல் முதல் மின்சாரம். அந்த முதல் 600 மெகாவாட் நிலையம் 2020-இல் ஓய்வு பெற்றுவிட்டது, பின்னால் வந்தவை ஓடிக்கொண்டிருக்கின்றன. எரிவது பழுப்பு நிலக்கரி. ஈரம் அதிகம், சூடு குறைவு, அதனால் ஒரு யூனிட்டுக்குக் கருப்பு நிலக்கரியைவிட அதிகமாக எரிக்க வேண்டும். இந்திய மின்கட்டமைப்பின் சராசரி யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. பழுப்பு நிலக்கரி மட்டும் என்றால் ஒரு கிலோவைத் தாண்டிவிடும்.

ஆக, பாண்டிக் கடற்கரையில் விளக்கு எரிகிறது, புகைபோக்கி நெய்வேலியில் நிற்கிறது. முதல் வட்டத்தை மட்டும் பார்த்தால் பாண்டி பச்சைப் பிள்ளை, கடலூர் மாவட்டம் கரி பூசிய முகம். புகை மட்டுமா? நிலக்கரிக்கு நிலம் வேண்டும். 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்புப் பக்கம் வளையமாதேவியில் பச்சை நெற்பயிர் நின்ற வயலில் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கியதைத் தொலைக்காட்சியில் எல்லாரும் பார்த்தோம். அந்த வயலை எந்த வட்டத்தில் எழுதுவது என்று அக்கா மகள் கேட்டாள். மூன்று வட்டத்திலும் அதற்கு இடம் இல்லை. விதிநூல் டன்னைத்தான் கேட்கிறது.

இப்போது எல்லா ஊர்த் திட்டத்திலும் மின்சார வண்டி, மின்சார அடுப்பு என்று வருகிறது. ஏடு மாற்றுகிற வேலைதான் இதுவும் என்று முதலில் எனக்குத் தோன்றியது. பாண்டியில் பெட்ரோல் புகை நின்றால் நெய்வேலியில் கூடப் புகையப் போகிறது, அவ்வளவுதானே? உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். என் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கிலோமீட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு. நூறு கிலோமீட்டருக்கு ஐந்து கிலோ. மின்சார ஸ்கூட்டர் நூறு கிலோமீட்டருக்கு மூன்று யூனிட் வாங்கும் என்று வைத்தால், சராசரிக் கரண்ட்டில் இரண்டு கிலோ சொச்சம். முழுக்கப் பழுப்பு நிலக்கரியிலேயே ஓட்டினாலும் நாலு கிலோவுக்குள் அடங்கிவிடும். பேனா பிடித்த கை பொய் சொல்லாது, தோற்றது நான்தான். கடைக்காரப் பையன்களிடம் இதைச் சொன்னபோது ஒருவன், "அண்ணே, பஸ்ல போங்க" என்றான். அவன் சொன்னதையும் போட்டேன். கடலூர் - பாண்டி பஸ் ஒரு நடைக்கு நாலரை லிட்டர் டீசல் குடிக்கும் என்று வைப்போம், சுமார் 12 கிலோ. ஐம்பது பேர் ஏறினால் தலைக்குக் கால் கிலோ. நான் ஸ்கூட்டரில் போனால் ஒரு நடைக்கு ஒரு கிலோவுக்கு மேல். ரயில் கேட்காதீர்கள். பாண்டிக்கு 1879-லேயே விழுப்புரத்திலிருந்து ரயில் வந்துவிட்டது, கடலூருக்கும் பாண்டிக்கும் இடையில் நேர் பாதை இன்று வரை இல்லை. ரயிலில்தான் போவேன் என்றால் விழுப்புரத்தைச் சுற்றிக்கொண்டு போகலாம்.

என் குடும்பக் கணக்கு முடிந்தபோது இப்படி வந்தது. கரண்ட் மாதம் 250 யூனிட், வருடத்துக்கு 2,100 கிலோ. கேஸ் வருடத்துக்கு எட்டு சிலிண்டர், ஒன்றுக்கு 42 கிலோ வீதம் 336. என் பெட்ரோல் சுமார் 650. மொத்தம் மூன்று டன்னுக்குக் கொஞ்சம் மேல், நாலு பேருக்கு. வீட்டில் எல்லாரும் என் ஸ்கூட்டரைத்தான் குற்றவாளி என்று நினைத்திருந்தார்கள். கரண்ட் அதைப் போல மூன்று பங்கு என்றதும் பார்வை படுக்கையறை ஏ.சி. பக்கம் திரும்பியது. அது என் மனைவியின் இலாகா. பேச்சு அங்கேயே நின்றது.

ஏ.சி. என்றதும் இன்னொன்று. போன சித்திரையில் கடையில் ஏ.சி. குளிரவில்லை. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "கேஸ் பாதிதான் இருக்கு சார்" என்று, இருந்ததைப் புஸ்ஸென்று வெளியே விட்டுவிட்டுப் புதிதாக அடித்தான். அந்தச் சத்தம் இரண்டு நிமிடம்கூட இருக்காது. அந்த மாடலில் இருந்த வாயு ஒரு கிலோ வெளியே போனால் சுமார் இரண்டாயிரம் கிலோ கரியமில வாயு போனதற்குச் சமமாம். என் ஸ்கூட்டர் நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடுகிற புகை! மூன்று வருடத்துக்கு மேல் நான் வெயிலிலும் மழையிலும் போய்வந்தது. பையனைக் குறை சொல்ல மாட்டேன், பழைய வாயுவைப் பிடித்து வைக்கிற இயந்திரத்தை அவன் கையில் யாரும் கொடுக்கவில்லை. ஊர்த் திட்டம் எழுதுகிறவர்கள் சைக்கிள் பாதைக்குப் படம் போடுவதற்கு முன்னால் ஏ.சி. மெக்கானிக்குகளைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்துப் பேச வேண்டும் என்பது என் கட்சி.

குப்பைக்கு வந்தோம். ஊர்க் குப்பையில் ஏறத்தாழப் பாதி மக்குகிற சரக்கு. பெரிய மார்க்கெட்டில் மதியத்துக்கு மேல் கிடக்கும் வாழை இலையும் அழுகின காயும் மீன் கழிவும் போதும் சாட்சிக்கு. அது பாண்டியின் குருமாம்பேட் குப்பைக் கிடங்கு மாதிரி இடத்தில் மலையாகக் குவிந்து, காற்றுப் படாமல் உள்ளே அழுகும்போது மீத்தேன் வருகிறது. நூறு வருடக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு சூடு பிடிக்கும், இருபது வருடக் கணக்கில் 80 மடங்கு. அதே காயைக் காற்றுப் படும்படி உரமாக்கினால் இவ்வளவு வராது. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டு டப்பா கொடுப்பதன் அர்த்தம் எனக்கே இப்போதுதான் விளங்கியது.

என் அம்மாவுக்கு எண்பத்திரண்டு. எங்கள் உரையாடலைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், "எங்க காலத்துல குப்பைனு ஒண்ணு ஏது?" என்றார். கழுநீர்ப் பானை ஒன்று பின்கட்டில் இருக்கும். அரிசி களைந்த தண்ணீர், காய்த்தோல், வடித்த கஞ்சி, மீந்த சோறு எல்லாம் அதில். காலையில் எருமை வைத்திருந்த அம்மா வந்து தூக்கிப் போவார், பதிலுக்குப் பொங்கலன்று கொஞ்சம் பால். வாசலில் மிஞ்சுவது கொட்டாங்கச்சியும் சாம்பலும்தான், சாம்பலும் பாத்திரம் தேய்க்கப் போய்விடும். இதைக் கேட்டு அக்கா மகள், "எருமையும் மீத்தேன் விடும் ஆயா" என்றாள். அம்மா என்னைப் பார்த்தார். "இன்னாடா சொல்லுது இது?" அசை போடும்போது வயிற்றிலிருந்து ஏப்பமாக வரும் என்று நான் விளக்கினேன். "எருமை ஏப்பத்துக்குக் கணக்கு எழுதவா காலேஜுக்குப் போவுது?" என்று எழுந்து போய்விட்டார். இரவு சாப்பாட்டுக்கு வரும் வரை இரண்டு பேரோடும் பேசவில்லை.

நெல்லும் இதில் மாட்டுகிறது. தண்ணீர் கட்டி நிற்கும் வயலிலும் சேற்றுக்குள் மீத்தேன் உண்டாகும். பாகூர் ஏரித் தண்ணீர் பாய்கிற வயல்களில் புதுவை எல்லைக்குள் விழுவதெல்லாம் பாண்டி மாவட்டக் கணக்கு. இதற்கு மருந்து என்று சொல்லப்படுவது நம் விவசாயிகள் எப்போதும் சொல்கிற காய்ச்சலும் பாய்ச்சலும்தான். தண்ணீரைப் பாய்ச்சு, மண் காயட்டும், மறுபடி பாய்ச்சு. மீத்தேன் ஏறத்தாழப் பாதி வரை குறையுமாம், தண்ணீரும் மிச்சம். மேட்டு வயல்காரருக்குச் சரி. ஏரிக்குக் கீழே பள்ளத்தில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நடுவில் வயலைக் காயப்போடு என்றால் வானத்திடம்தான் மனு கொடுக்க வேண்டும்.

மரம் நடும் அத்தியாயம் இல்லாத திட்டத்தை நான் பார்த்ததில்லை. படத்துக்கு நன்றாக இருக்கும். வளர்ந்த மரம் ஒன்று வருடத்துக்கு இருபது கிலோ கரியமில வாயு பிடிக்கும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். என் வீட்டு மூன்று டன்னுக்கு நூற்றைம்பது மரம், எங்கள் தெருவில் அவ்வளவு இடம் கிடையாது. அதுகூடப் பரவாயில்லை. 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவில் கரையேறியதை இந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் மறக்கவில்லை. பண்ருட்டிப் பக்கம் தாத்தா வைத்த முந்திரியும் பலாவும் ஒரே காலையில் வேரோடு சாய்ந்து கிடந்தன. பாண்டித் தெருக்களில் மரம் அறுத்து வழி உண்டாக்கினார்கள். முப்பது வருடம் மரம் சேர்த்து வைத்தது மூன்று மணி நேரத்தில் விறகு. புயல் பாதையில் இருக்கிற ஊர், மரத்தை வைப்பு நிதி மாதிரிக் கணக்கில் காட்டுவது என் தொழிலில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நிழலுக்கு நடுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் நடுங்கள். ஈடு கட்டுவதற்கு என்று எழுதாதீர்கள்.

எனக்கு ரொம்ப உறுத்தியது வேறொன்று. முன் வருடங்களோடு ஒப்பிட வேண்டும் என்று அவள் பழைய தொழிற்சாலைகளைப் பட்டியல் போட்டாள். பாண்டியில் மூன்று பஞ்சாலைகள். அதில் ரோடியர் மில் என்று எல்லாரும் சொல்கிற ஏ.எஃப்.டி. 1898-இல் தொடங்கியது, 2020-இல் மூடியது. என் சித்தப்பா அங்கே நெசவுப் பிரிவில் இருந்தார். மில்லின் சங்குச் சத்தத்தை வைத்துத்தான் முதலியார்பேட்டையில் உலை வைப்பார்கள் என்பார். மில் ஓடிய வருடத்தை அடிப்படை ஆண்டாக வைத்து, மூடிய பிறகு ஒரு வருடத்தை எடுத்து ஒப்பிட்டால், கொதிகலன் நின்றதும் கரண்ட் நின்றதும் உமிழ்வுக் குறைப்பாக வந்து நிற்கும். பச்சை மையில் எழுதலாம். ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சம்பளம் நின்றது அந்தப் பத்தியில் வராது. எந்த வருடத்தை அடிப்படையாக எடுக்கிறார்கள் என்று எந்த ஊர்த் திட்டத்தைப் பார்த்தாலும் இனி முதலில் அதைத்தான் தேடுவேன்.

இவ்வளவு குறை சொல்கிறேனே, பாண்டியில் நல்லது ஒன்றுமில்லையா என்றால், உண்டு. கடற்கரைச் சாலையில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வண்டி விடமாட்டார்கள், மறுநாள் காலை வரை. காலநிலை என்று யாரும் பேர் வைக்காமல் பல வருடமாக நடக்கிற காரியம். ஆயிரம் பேர் காலால் நடக்கிறார்கள். வெள்ளிக்கிழமை இரவு சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிற கார்கள் அதற்குப் பக்கத்துத் தெருக்களை அடைத்துக்கொண்டு நிற்பது வேறு கணக்கு. அந்தப் பெட்ரோலை எந்த ஊரில் எழுதுவது என்று ஆரம்பித்தாள், நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

கடைசியில் பங்க் விற்பனைக் கணக்கைத் திருத்த வேறு வழி தெரியாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளும் நானும் எல்லையோரப் பங்க் ஒன்றுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். வருகிற வண்டிகளின் நம்பர் பிளேட்டைப் பார்த்து நோட்டில் கோடு போடுவது. பி.ஒய். 01 ஒரு பத்தி, டி.என். 31 ஒரு பத்தி, மற்றது ஒரு பத்தி. டி.என். 31 முதலில் பக்கத்தை நிரப்பியது. ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், பங்க்கிலிருந்து ஒருவர் சாலையைக் கடந்து வந்தார். "எந்த டிபார்ட்மென்ட்டுங்க?" என்றார். புராஜெக்ட் என்று அவள் சொன்னதை அவர் நம்பவில்லை. டீக்கடைக்காரரும் நம்பவில்லை போல, கிளாஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எழுந்தோம்.

கிளம்பும்போதுதான் கவனித்தேன், என் டேங்க் காலி. சாலையைக் கடந்து அதே பங்க்கில், அதே ஆள் பார்த்துக்கொண்டிருக்க, இருநூறு ரூபாய்க்குப் போட்டேன். ரசீது கேட்டதும் அவர் முகம் இன்னும் இருண்டது. அவள் அதை என் கையிலிருந்து வாங்கி, வண்டிப் பின் சீட்டில் உட்கார்ந்தபடியே நோட்டில் எழுதினாள். "எந்தப் பக்கம் எழுதின?" என்று கேட்டேன். "பாண்டி" என்றாள். பேனாவில் எழுதவில்லையாம், பென்சிலில்.